"ரிஸ்டோர் பண்ணிப் பாத்தியா தம்பி?": ஹார்ட் டிஸ்க் மாத்துறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியவை

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன எபிசோடுல ஹோம் சர்வர் பத்திப் பேசினதுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "ஸ்டோரேஜ் நிறைஞ்சிடுச்சு, பெரிய டிஸ்க் வாங்கி மாத்தப் போறேன், எதுவும் தெரிஞ்சுக்கணுமா?" இதுக்கு ரெண்டு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா போன வருஷம் இதே வேலையில நான் என் அப்பாவோட இருபது வருஷ உழைப்பைத் தொலைக்கப் பாத்தேன். அதனால இன்னைக்கு முழு எபிசோடும் இதுக்குத்தான்.

முதல்ல கதையைச் சொல்லிடறேன்.

அப்பா ஊர்ல ஸ்டுடியோ வெச்சிருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, ஸ்கூல் ஆண்டு விழான்னு எல்லாத்துக்கும் வீடியோ எடுப்பார். அந்த மினி டிவி கேசட்டுகள் ஏறக்குறைய 200 வீட்டுல இருந்துச்சு. 2020 லாக்டவுன்ல நான் ஊர்ல மாட்டிக்கிட்டப்போ அதை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்த ஆரம்பிச்சேன். மினி டிவியில ஒரு சிக்கல் என்னன்னா, ஒரு மணி நேரக் கேசட்டை ஏத்த ஒரு மணி நேரம் ஆகும். ஓட விட்டுத்தான் எடுக்கணும். ஒரு கேசட் சுமார் 13 ஜிபி வரும். 200 கேசட்னா கணக்குப் போட்டுக்கோங்க, 2.6 டிபி. வேலைக்கு நடுவுல, லீவு நாள்ல, மூணு வருஷத்துக்கு மேல இழுத்துச்சு. ஏத்தி முடிச்ச கேசட்டுகள் ஏற்கெனவே பூஞ்சை பிடிச்சுக் கிடந்துச்சு. வீடு மாத்தினப்போ அப்பாவே தூக்கிப் போட்டுட்டார். "அதான் நீ கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கியேப்பா"ன்னார்.

அந்தக் கம்ப்யூட்டர் என்னன்னா, சென்னையில என் வாடகை வீட்டு ஹால்ல டிவிக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு பழைய கேபினட். உள்ள 4 டிபி டிஸ்க் நாலு. இசட்எஃப்எஸ், ரெய்டு-இசட் 1. அதாவது நாலுல ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா பிழைச்சுக்கும். கிட்டத்தட்ட 12 டிபி இடம், அதுல 9 டிபி நிறைஞ்சிடுச்சு. ஒரு ஆஃபர்ல 8 டிபி டிஸ்க் நாலு வாங்கிட்டேன். சனிக்கிழமை காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் முடிஞ்சிடும்னு ஒரு நினைப்பு. பழைய டிஸ்க் ஒண்ணைக் கழட்டு, புதுசு மாட்டு, அது சிங்க் ஆகட்டும், அடுத்ததைக் கழட்டு. நாலு தடவை. அவ்வளவுதானே?

வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல டீ குடிக்கும்போது இதைப் பெருமையா ஒரு அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் ஸ்டோரேஜ் அட்மினா பதினஞ்சு வருஷம் வேலை பாத்தவர். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பேக்கப் இருக்கா தம்பி?"

"இருக்குண்ணா. 4 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க். அப்பா வீடியோ எல்லாம் தினமும் ராத்திரி 2 மணிக்கு ஸ்க்ரிப்ட் காப்பி பண்ணிடும்."

"சரி. ரிஸ்டோர் பண்ணிப் பாத்தியா?"

நான் பேசல. அவர் டீயை முடிச்சுட்டு, "அப்ப உன்கிட்ட பேக்கப் இல்ல. பேக்கப் இருக்குங்கிற நம்பிக்கைதான் இருக்கு"ன்னுட்டுப் போயிட்டார்.

கடுப்பாத்தான் இருந்துச்சு. வீட்டுக்குப் போனதும் அவர் சொன்னது தப்புன்னு நிரூபிக்கணும்னே எக்ஸ்டர்னல் டிஸ்க்கை லேப்டாப்புல சொருகினேன். ஃபோல்டர் இருக்கு. வீடியோ இருக்கு. ஓடுது. அப்பாடான்னு மூடப் போனேன். எண்ணிக்கையைப் பாத்தேன். 118.

மிச்சம் 82 கேசட் அதுல இல்ல.

என்ன ஆச்சுன்னா, 14 மாசம் முன்னாடி கேபினட்டைத் துடைக்கும்போது எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வேற யூஎஸ்பி போர்ட்டுல சொருகியிருக்கேன். லினக்ஸ் அதுக்கு வேற பேர் கொடுத்திருக்கு. ஸ்க்ரிப்ட் பழைய பேரைத் தேடும், கிடைக்காது, எரர் போட்டுட்டு நின்னுடும். ஒவ்வொரு ராத்திரியும் 2 மணிக்கு இதே கதை. எரர் வந்தா மெயில் அனுப்பச் சொல்லித்தான் எழுதியிருந்தேன். ஆனா அந்த ஸ்க்ரிப்ட் எழுதின காலத்துல கொடுத்த மெயில் ஐடி என் காலேஜ் ஐடி. அதை அவங்க எப்பவோ மூடிட்டாங்க.

14 மாசமா அந்த ஸ்க்ரிப்ட் கத்திக்கிட்டே இருந்திருக்கு. கேக்கத்தான் ஆள் இல்ல.

இது எனக்கு மட்டும் நடந்தது இல்ல

கோட் எழுதறவங்க எல்லாருக்கும் கிட்லேப் தெரியும். 2017 ஜனவரி 31. அவங்க டேட்டாபேஸ்ல ஒரு பிரச்சினை. மெயின் சர்வர்ல இருந்து ரெண்டாவது சர்வருக்கு டேட்டா போறது நின்னுடுச்சு. ராத்திரி நேரம், ஒரு இன்ஜினியர் அதைச் சரி பண்ணப் போராடிக்கிட்டு இருக்கார். ரெண்டாவது சர்வர்ல இருக்கிற டேட்டா ஃபோல்டரை அழிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்னு டெலீட் கமாண்ட் அடிச்சார். ஆனா அவர் அடிச்சது மெயின் சர்வர்ல. ஒண்ணு ரெண்டு செகண்டுல புரிஞ்சு நிறுத்திட்டார். அதுக்குள்ள சுமார் 300 ஜிபியில 4.5 ஜிபிதான் மிச்சம்.

சரி, பேக்கப் இருக்கேன்னு போய்ப் பாத்தா, தினசரி பேக்கப் போக வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 9.6. ஆனா பேக்கப் எடுக்கிற டூல் 9.2 வெர்ஷன்ல ஓடியிருக்கு. அதனால ஒவ்வொரு தடவையும் ஃபெயில் ஆயிருக்கு. ஃபெயில் ஆனதைச் சொல்ற மெயிலும் போய்ச் சேரல, மெயில் சர்வர் அதைத் திருப்பி அனுப்பிடுச்சு. எவ்வளவு பெரிய கம்பெனி, என் ஹால்ல இருக்கிற டப்பா, ரெண்டுக்கும் ஒரே வியாதி.

அவங்களைக் காப்பாத்தினது, 6 மணி நேரம் முன்னாடி இன்னொரு வேலைக்காகக் கையால எடுத்து வெச்சிருந்த ஒரு ஸ்னாப்ஷாட். கோட் ரெப்போ எதுவும் போகல. ஆனா அந்த 6 மணி நேரத்துல டேட்டாபேஸ்ல சேர்ந்தது போச்சு, சுமார் 5000 ப்ராஜெக்ட்டோட விவரம் உட்பட. இதை எல்லாம் அவங்களே ஒளிக்காம எழுதிப் போட்டாங்க. அதனாலதான் இன்னைக்கு நாம அதுல இருந்து கத்துக்கிறோம்.

இதுல பாடம் என்னன்னா, பேக்கப் எடுக்கிறது பாதி வேலைதான். திரும்ப எடுத்துப் பாக்கிறது மறுபாதி. இந்த மறுபாதியை நாம வழக்கமா என்னைக்குச் செய்றோம்? எல்லாம் போன அன்னைக்கு.

சரி, என்ன செய்யணும்?

சனிக்கிழமை ப்ளானைக் கேன்சல் பண்ணிட்டேன். அண்ணனுக்கு போன் போட்டு, "நீங்க சொன்னது சரிண்ணா, இப்ப என்ன பண்ணட்டும்?"னு கேட்டேன். அவர் சொன்னதையும் நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்து வரிசையாச் சொல்றேன். இசட்எஃப்எஸ் இல்லாம வேற எது வெச்சிருந்தாலும் வரிசை இதுதான்.

முதல் விஷயம், எது போனா திரும்ப வராதுன்னு பிரிங்க. என்னோட 9 டிபியில படம், சீரிஸ், லினக்ஸ் ஐஎஸ்ஓ எல்லாம் இருக்கு. அது போனா வருத்தம்தான், ஆனா திரும்பக் கிடைக்கும். அப்பாவோட 2.6 டிபி உலகத்துலயே ஒரு காப்பிதான். 9 டிபிக்கும் பேக்கப் எடுக்கக் காசு இல்லைன்னு சொல்றவங்க, 2.6 டிபிக்குக் காசு இல்லைன்னு சொல்ல மாட்டீங்க.

ரெண்டாவது, அதுக்கு மூணு காப்பி. 3-2-1 விதின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. மூணு காப்பி, ரெண்டு வேற வேற மீடியா, அதுல ஒண்ணு வேற ஊர்ல. இதைப் பிரபலமாக்கினது பீட்டர் க்ரோக்னு ஒரு அமெரிக்க போட்டோகிராபர். ஐடி ஆளு இல்ல. படத்தைத் தொலைக்கிற வலி ஒரு போட்டோகிராபருக்குத்தானே தெரியும். நான் எக்ஸ்டர்னல்ல 200 கேசட்டும் ஏத்தினேன். இன்னொரு டிஸ்க் வாங்கி அதுலயும் ஏத்தி, அடுத்த வாரம் பஸ்ல ஊருக்குக் கொண்டு போய் அப்பா பீரோவுல வெச்சேன்.

இங்க ஒண்ணு கவனிங்க. ரெய்டு பேக்கப் இல்ல. ரெய்டு காப்பாத்துறது டிஸ்க் செத்தா மட்டும்தான். நீங்க தப்பா டெலீட் பண்ணா, நாலு டிஸ்க்லயும் சேர்த்து ஒழுங்கா டெலீட் பண்ணும்.

மூணாவது, ரிஸ்டோர் டெஸ்ட். ஃபோல்டர் தெரியுதுங்கிறது டெஸ்ட் இல்ல. வேற ஒரு மெஷின்ல சொருகுங்க. ஃபைல் எண்ணிக்கை ஒத்துப் போகுதா பாருங்க. செக்சம் போட்டு ரெண்டு பக்கமும் ஒப்பிடுங்க. பழசுல ஒண்ணு, புதுசுல ஒண்ணு, நடுவுல ஒண்ணுன்னு எடுத்து ஓட்டிப் பாருங்க. பேக்கப் என்க்ரிப்ட் ஆகியிருந்தா, கீ அந்த சர்வருக்கு வெளியில இருக்கான்னு பாருங்க. பெட்டிக்குள்ளயே சாவியை வெச்சுப் பூட்டின மாதிரி ஆயிடக் கூடாது.

நாலாவது, பழைய டிஸ்க்குகளோட உடம்பைச் சோதிங்க. இங்கதான் எனக்கு ரெண்டாவது அடி.

ஸ்க்ரப் சொன்ன சேதி

இசட்எஃப்எஸ்ல ஸ்க்ரப்னு ஒண்ணு இருக்கு. டிஸ்க்ல எழுதியிருக்கிற எல்லா டேட்டாவையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சு, செக்சம் சரியா இருக்கான்னு பாக்கும். தப்பா இருந்தா மத்த டிஸ்க்ல இருக்கிறதை வெச்சுத் திருத்தும். மாசம் ஒரு தடவை தானா ஓடற மாதிரி இருந்துச்சு. ராத்திரி கரகரன்னு சத்தம் வருது, தூக்கம் வரலன்னு ரூம்மேட் சொன்னான். நான் ஆஃப் பண்ணிட்டேன். திரும்ப ஆன் பண்ணவே இல்ல.

ஸ்க்ரப் ஓட்டினேன். 11 மணி நேரம். கூடவே ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஸ்மார்ட் லாங் டெஸ்ட். மூணாவது டிஸ்க்ல "கரண்ட் பெண்டிங் செக்டார்"ங்கிற இடத்துல பூஜ்யம் இருக்கணும். 16 இருந்துச்சு. அதாவது 16 இடத்துல டிஸ்க்கால படிக்க முடியல. ஸ்க்ரப் ரிப்போர்ட்லயும் அந்த டிஸ்க்ல கொஞ்சம் டேட்டா கெட்டிருந்துச்சு, திருத்திட்டேன், இழப்பு பூஜ்யம்னு வந்துச்சு.

இப்ப என் சனிக்கிழமை ப்ளானை நினைச்சுப் பாருங்க. காலையில எழுந்து நல்லா இருக்கிற முதல் டிஸ்க்கைக் கழட்டியிருப்பேன். அந்த நிமிஷத்துல இருந்து என் ரெய்டுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்ல. மிச்ச மூணு டிஸ்க்கையும் முழுசாப் படிச்சுத்தான் புது டிஸ்க்கை நிரப்பணும். படிச்சுக்கிட்டே வந்து மூணாவது டிஸ்க்ல அந்தக் கெட்டுப்போன இடத்துக்கு வரும். திருத்த வழி இருக்காது, ஏன்னா திருத்த உதவற டிஸ்க்கை நானே கழட்டி மேஜை மேல வெச்சிருக்கேன். அந்த இடத்துல இருந்த ஃபைல் போயிருக்கும். பேக்கப்ல எடுக்கலாம்னா, 82 கேசட் அங்க இல்ல.

தனித்தனியாப் பாத்தா ரெண்டும் சின்னத் தப்பு. ஒரே நாள்ல சேர்ந்திருந்தா முடிஞ்சது.

அதனால ஸ்க்ரப், ஸ்மார்ட் டெஸ்ட் ரெண்டையும் அப்கிரேடுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஓட்டுங்க. முதல் நாள் ராத்திரி ஓட்டினா, தப்பு இருந்தாலும் "பரவால்ல, நாளைக்கு மாத்தத்தானே போறோம்"னு மனசு சொல்லும்.

ஸ்க்ரூட்ரைவர் எடுக்கிறதுக்கு முன்னாடி

அஞ்சாவது, எந்த டிஸ்க் எதுன்னு எழுதி ஒட்டுங்க. லினக்ஸ்ல எஸ்டிஏ, எஸ்டிபின்னு வர்ற பேர் ரீபூட் பண்ணா மாறலாம். என் ஸ்க்ரிப்ட் செத்ததே பேர் மாறினதாலதான். மாறாதது சீரியல் நம்பர். ஒவ்வொரு டிஸ்க் ஓரத்துலயும் சீரியலோட கடைசி நாலு எழுத்தை மார்க்கர்ல எழுதி ஒட்டினேன். அஞ்சு நிமிஷ வேலை. தப்பான டிஸ்க்கைக் கழட்டுறதுதான் இந்த வேலையில ரொம்ப சாதாரணமா நடக்கிற விபத்து.

ஆறாவது, புது டிஸ்க்கை நம்பாதீங்க. புதுசுன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல. லாங் டெஸ்ட் ஓட்டுங்க, முழுசா ஒரு தடவை எழுதிப் படிச்சுப் பாருங்க. இந்த எழுதிப் படிக்கிற டெஸ்ட் டிஸ்க்ல இருக்கிறதை அழிச்சிடும், அதனால மறுபடியும் சீரியல் நம்பரைப் பாத்துட்டு ஓட்டுங்க. வாங்கும்போதே அது சிஎம்ஆரா எஸ்எம்ஆரான்னு பாருங்க. எஸ்எம்ஆர்ல டிராக்குகள் ஓட்டு வீட்டு ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சிருக்கும். ஒரு இடத்துல மாத்தி எழுதணும்னா பக்கத்துல இருக்கிறதையும் திரும்ப எழுதணும். மணிக்கணக்கா எழுதிக்கிட்டே இருக்க வேண்டிய ரெய்டு ரீபில்டுல அது திணறும்.

ஏழாவது, பவர் கேபிள். இது நிறைய பேருக்குத் தெரியாது. மாடுலர் பவர் சப்ளையில கேபிளைக் கழட்டி மாட்டலாம். எனக்கு ஒரு சாட்டா பவர் கேபிள் குறைஞ்சுது. பழைய பவர் சப்ளையோட கேபிள் டிராயர்ல கிடந்துச்சு. அழகாப் பொருந்துது. மாட்டப் போனேன். அண்ணன் போன்லயே கத்தினார். டிஸ்க் பக்கம் இருக்கிற முனை எல்லாத்துலயும் ஒண்ணுதான். ஆனா பவர் சப்ளை பக்கம் இருக்கிற முனைக்குப் பொதுவான விதி கிடையாது. ஒரே கம்பெனியோட ரெண்டு மாடல்லயே பின் வரிசை மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்துல 12 வோல்ட் போச்சுன்னா, ஆன் பண்ண அந்த நொடியில அதுல மாட்டியிருக்கிற எல்லா டிஸ்க்கும் ஒண்ணா போயிடும். பவர் சப்ளையோட வந்த கேபிளை மட்டும் மாட்டுங்க.

எட்டாவது, செட்டிங்ஸையும் கீயையும் வெளியில எடுத்து வைங்க. சர்வர் கான்ஃபிக், யூசர் லிஸ்ட், ஷேர் பேர், என்க்ரிப்ஷன் கீ. லேப்டாப்புக்கும் இது பொருந்தும். விண்டோஸ்ல பிட்லாக்கர் ஆன்ல இருந்து, மதர்போர்டு மாத்தினாலோ பயாஸ் அப்டேட் பண்ணாலோ 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கலாம். அப்ப போய்த் தேடாதீங்க.

ஒன்பதாவது, ஒரு நாள்ல ஒரு மாற்றம்தான். டிஸ்க்கும் மாத்தறேன், மதர்போர்டும் மாத்தறேன், கூடவே ஓஎஸ்ஸையும் அப்டேட் பண்றேன்னு போனா, ஏதாவது தப்பானா எதனாலன்னு கண்டுபிடிக்க முடியாது. மதர்போர்டோ மெஷினோ மாத்தறதுன்னா, பழசுல பூலை முறையா எக்ஸ்போர்ட் பண்ணிட்டு, புதுசுல இம்போர்ட் பண்ணுங்க. ஹார்டுவேர் ரெய்டு கார்டு வெச்சிருக்கிறவங்க, வேற கார்டு அந்த டிஸ்க்குகளைப் படிக்குமான்னு முதல்லயே உறுதி பண்ணுங்க.

அந்த நாள்

மூணு வாரம் கழிச்சு, ஒரு சனிக்கிழமை காலையில ஆரம்பிச்சேன். யூபிஎஸ்ல இருந்து ஓடுதான்னு பாத்தேன். ஸ்னாப்ஷாட் எடுத்தேன். சர்வீஸ் எல்லாத்தையும் நிறுத்தினேன்.

என் கேபினட்ல டிஸ்க் வைக்க நாலு இடம்தான். ஆனா மதர்போர்டுல ஆறு சாட்டா போர்ட். அதனால பழசு எதையும் கழட்டல. மெஷினை ஆஃப் பண்ணி, புது டிஸ்க்கை அஞ்சாவதா சேர்த்தேன். கேபினட் மூடி திறந்தே இருக்கு, டிஸ்க் அட்டைப் பெட்டி மேல உட்கார்ந்திருக்கு. மூணாவது டிஸ்க்குக்குப் பதிலா இதை எடுத்துக்கோன்னு கமாண்ட் கொடுத்தேன். இப்படிப் பண்ணா புதுசு முழுசா நிரம்பற வரைக்கும் பழசும் வேலையில இருக்கும். பாதுகாப்பு குறையாது. ஒரு போர்ட் காலியா இருந்தா இப்படித்தான் பண்ணுங்க. நோயாளி டிஸ்க் முதல்ல, மத்தது அப்புறம். ஒரு நாளைக்கு ஒண்ணு. நாலு நாள் ஆச்சு. முடிஞ்சதும் இன்னொரு ஸ்க்ரப். எரர் பூஜ்யம்.

கதை சொல்ற அளவுக்கு அந்த நாலு நாள்ல ஒண்ணுமே நடக்கல. அதுதான் வேணும். அப்கிரேடு போர் அடிச்சா முன்வேலை சரியா நடந்திருக்குன்னு அர்த்தம்.

முடிஞ்சதுக்கு அப்புறமும் ரெண்டு விஷயம். "புது வசதிகள் இருக்கு, பூலை அப்கிரேடு பண்ணுங்க"ன்னு ஸ்க்ரீன்ல வரும். அவசரப்படாதீங்க. அதைப் பண்ணிட்டா பழைய வெர்ஷன்ல திரும்பத் திறக்க முடியாமப் போகலாம். ரெண்டாவது, பழைய டிஸ்க்குகளை உடனே அழிச்சு வித்துடாதீங்க. ஒரு மாசமாவது அப்படியே வைங்க. புது போன் வாங்கினதும் பழசை அன்னைக்கே எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துட்டு, ராத்திரி வாட்ஸ்அப் சாட் வரலன்னு தேடற மாதிரி ஆயிடும்.

மொத்தத்துல ஒரே கேள்விதான் மக்களே. ஒவ்வொரு படியிலயும் கேட்டுக்கோங்க: இப்ப இது தப்பாப் போனா, அஞ்சு நிமிஷம் முன்னாடி இருந்த நிலைக்கு என்னால திரும்ப முடியுமா? ஆமான்னா அடுத்த படி. இல்லைன்னா ஸ்க்ரூட்ரைவரைக் கீழ வைங்க.

அந்த ஸ்க்ரப்ல திருத்தின டேட்டா எந்த ஃபைலோடதுன்னு ரிப்போர்ட்ல வராது. ஏதோ படமா இருக்கலாம். இல்ல, 2003-ல ஆச்சி எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து கேமராவைப் பாத்து, "இதுல நான் பேசறது கேக்குமாடா?"ன்னு அப்பாகிட்ட கேக்கற அந்த நாப்பது செகண்டா இருக்கலாம். ஆச்சி குரல் எங்ககிட்ட இருக்கிறது அது மட்டும்தான்.

அது இருக்கு. மூணு இடத்துல இருக்கு. மூணு இடத்துலயும் ஓட்டிப் பாத்துட்டேன்.

உங்ககிட்ட ஒரே வேண்டுகோள். இந்த எபிசோடு முடிஞ்சதும் உங்க பேக்கப்ல இருந்து ஒரே ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பாருங்க. திறந்துச்சா, இல்லையான்னு எனக்கு எழுதுங்க. திறக்கலன்னு எழுதறவங்களைக் கண்டிப்பா கிண்டல் பண்ண மாட்டேன். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.